சொந்தப் பெயரில் அஞ்சல்: வீட்டிலிருந்து மின்னஞ்சல் சர்வர் நடத்த முடியுமா?

ஒரகடம் என்றதும் நினைவுக்கு வருபவை ரெனோ நிசான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்பல்லோ டயர்ஸ் போன்ற பெரிய ஆலைகள். அவற்றை ஒட்டி வடக்குப்பட்டு போன்ற ஊர்களில் இன்னொரு தொழில் உலகம் இயங்குகிறது. லேத்துப் பட்டறை, டூல் ரூம், பவுடர் கோட்டிங், பேக்கிங், வேன் காண்ட்ராக்ட், ஆள் சப்ளை என்று வெண்டருக்கு வெண்டராக வேலை செய்யும் சிறு நிறுவனங்களின் உலகம் அது. பல இடங்களில் வீட்டின் முன்னறைதான் அலுவலகம். அந்த முன்னறைக்கு பி.ஓ. வருவது மெயிலில். டிராயிங் மாறினால் தெரிவது மெயிலில். சரக்கு ரிஜெக்ட் ஆனாலும் பணம் போட்டாயிற்று என்றாலும் அதுவும் மெயிலில்தான். ஆனால் விசிட்டிங் கார்டின் கடைசி வரியில் அச்சாகியிருப்பது பெரும்பாலும் ஒரு ஜிமெயில் முகவரி.

இந்தக் கடிதங்களை நம் வீட்டிலேயே, நமக்குச் சொந்தமான இயந்திரத்திலேயே வைத்துக்கொள்ள முடியுமா? முடியும் என்றால் செலவு என்ன, தடை எங்கே, ஆபத்து எது? இந்தக் கேள்விக்கு ‘அதெல்லாம் ஆகாத வேலை’ என்ற பதிலும், ‘ஒரு நாளில் செய்துவிடலாம்’ என்ற பதிலும் தாராளமாகக் கிடைக்கின்றன. இரண்டும் பாதி உண்மை. அஞ்சலைப் பெறுவது, சேமிப்பது, அனுப்புவது ஆகியவை மூன்று தனித்தனி வேலைகள். முதல் இரண்டையும் வீட்டில் செய்யலாம். மூன்றாவதன் வாசல் இன்று வீட்டு இணைப்புகளுக்குக் கிட்டத்தட்ட அடைக்கப்பட்டிருக்கிறது. இந்த மூன்றுக்கும் முன்னால் வருவது, முகவரியின் பெயர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி.

கடிதம் ஏன் கையில் இருக்க வேண்டும்

சிறு தொழில் செய்பவருக்குப் பழைய மெயில் என்பது சட்டப்படி ஓர் ஆவணம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் இதற்கு நேரடி உதாரணம். எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்கக் கூடாது என்கிறது அச்சட்டம். தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப்போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டியாகக் கணக்கிடப்படும். சரக்கு சேர்ந்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்துமூலம் ஆட்சேபிக்கவில்லை என்றால், சரக்கு சேர்ந்த நாளே ஏற்ற நாளாகிவிடும். ஆட்சேபம் வந்ததா, எந்தத் தேதியில் வந்தது என்பதை ஒரகடத்துப் பட்டறை எங்கே தேடும்? மெயில் பெட்டியில்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சான்றாக வைக்க உரிய சான்றிதழும் கேட்கிறது. பதிவு எங்கே இருந்தது, எந்தக் கருவியில் இருந்தது என்பது அங்கே முக்கியமாகிறது.

இரண்டாவது காரணம் முகவரியின் ஆயுள். 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது சென்னையும் முதல் நகரங்களில் ஒன்று. அன்று சென்னைக்காரர்கள் பெற்ற மெயில் ஐடிக்கள் விஎஸ்என்எல் பெயரிலேயே முடிந்தன. பின்னால் சத்யம் இன்ஃபோவே, டிஷ்நெட் என்று தனியார் சேவைகள் வந்தன. அவற்றின் பெயரில் முடியும் முகவரிகளும் வந்தன. 2002இல் விஎஸ்என்எல் டாட்டா குழுமத்திடம் சென்றது. 2008இல் பெயரே டாட்டா கம்யூனிகேஷன்ஸ் ஆனது. அந்தக் கால லெட்டர்ஹெட்டுகளில் அச்சான முகவரிகள் பலவற்றுக்கு இன்று எழுதினால் கடிதம் போய்ச்சேராது. பெரிய நிறுவனங்களின் சேவையும் இதற்கு விலக்கில்லை. சொந்த டொமைனுக்கு, அதாவது முகவரியில் @ குறிக்குப் பின் வரும் சொந்தப் பெயருக்கு, கூகுள் பல ஆண்டுகள் இலவசமாகத் தந்த சேவையை நிறுத்தப்போவதாக 2022 ஜனவரியில் அறிவித்தது. எதிர்ப்புக்குப் பின் தனிநபர் பயன்பாட்டுக்கு மட்டும் விட்டுவைத்தது. இரண்டு ஆண்டு பயன்படுத்தாத கணக்குகளை 2023 டிசம்பர் முதல் அது அழித்தும் வருகிறது. பிறர் டொமைனில் முடியும் முகவரி வாடகை வீட்டுக் கதவிலக்கம் போன்றது. வீட்டுக்காரர் நல்லவராகவே இருக்கலாம். வீடு நம்முடையது ஆகாது.

தொடக்கத்தில் எல்லாமே சொந்த சர்வர்

மின்னஞ்சல் சில நிறுவனங்களின் பொருளாகப் பிறக்கவில்லை. ஒரு கணினி இன்னொரு கணினிக்கு அஞ்சலைக் கையளிக்கும் முறையை 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிவைத்தார். எஸ்.எம்.டி.பி. எனப்படும் அம்முறையின் திருத்திய வடிவமே இன்றும் உலகெங்கும் ஓடுகிறது. அதில் பெரியவர், சிறியவர் என்ற பேதம் இல்லை. சர்வர் வைத்திருக்கும் யாரும் இன்னொரு சர்வருக்கு நேரடியாக அஞ்சல் தரலாம்.

இந்தியாவில் அது வேரூன்றியதும் அப்படித்தான். 1986இல் மத்திய மின்னணுத் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் எர்னெட்டைத் தொடங்கியது. மும்பையின் என்.சி.எஸ்.டி., பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், சென்னை உள்ளிட்ட ஐந்து ஐ.ஐ.டி.கள், டெல்லியில் அத்துறை என்று எட்டு இடங்கள் அதில் சேர்ந்தன. ஒவ்வோர் இடமும் தன் அஞ்சல் இயந்திரத்தைத் தானே நடத்தியது. தொலைபேசி இணைப்பு கிடைக்கும் நேரத்தில் ஒரு கணினி இன்னொன்றை அழைத்து, சேர்ந்திருந்த கடிதங்களைக் கொடுத்து வாங்கிக்கொண்டது. இலங்கையிலும் 1990களின் தொடக்கத்தில் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட லேர்ன் வலையமைப்பு டயல்-அப் வழியாகவே மின்னஞ்சல் சேவையை நடத்தியது.

இந்த வரலாற்றில் நமக்குப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. இணைப்பு எப்போதும் இருக்காது, கரண்ட் போகும், இயந்திரம் நிற்கும் என்பதை ஏற்றுக்கொண்டே மின்னஞ்சல் வளர்ந்தது. எதிர்ப்பக்கச் சர்வர் பதில் தராவிட்டால் அனுப்புபவரின் சர்வர் கடிதத்தை வரிசையில் வைத்திருந்து மறுபடி மறுபடி முயல வேண்டும். குறைந்தது 4, 5 நாட்களாவது முயற்சியைக் கைவிடக் கூடாது என்பது இன்றைய விதியின் பரிந்துரை. ஆகவே வடக்குப்பட்டில் அரை நாள் கரண்ட் இல்லாவிட்டாலும் வரவேண்டிய கடிதம் தொலையாது, தாமதமாகும். 2015 டிசம்பர் வெள்ளம், 2016இன் வர்தா புயல் போலப் பல நாள் துண்டிப்பு நேர்ந்தால்தான் சிக்கல். அதற்கும் வேறு ஊரில் ஒரு மாற்று அஞ்சல் சர்வரை டொமைன் பதிவில் இரண்டாவதாகக் குறித்துவைப்பது பழைய, எளிய தீர்வு.

வீட்டில் வைக்க என்ன வேண்டும்

கருவிச் செலவு மிகக் குறைவு. ஒரு சிறு நிறுவனத்தின் மெயிலுக்குப் பழைய மடிக்கணினியோ உள்ளங்கை அளவு மினி கணினியோ போதும். 10 வாட் இழுக்கும் கணினி நாள் முழுதும் ஓடினால் இரண்டு மாத பில்லில் சேருவது சுமார் 15 யூனிட். ரவுட்டரையும் சேர்த்து 20 வாட் என்று வைத்தாலும் 30 யூனிட்டைத் தாண்டாது. சிறிய யுபிஎஸ் ஒன்று, பிரதி எடுக்க இரண்டு டிஸ்க்குகள், அவற்றில் ஒன்று வேறு வீட்டில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

மென்பொருள் இலவசம்; அதுவும் தரமானது. அஞ்சலை வாங்கி அனுப்ப வீட்சே வெனிமா எழுதிய போஸ்ட்ஃபிக்ஸ் 1998 முதல் இருக்கிறது. பெட்டியில் வைத்துக் கைப்பேசிக்கும் கணினிக்கும் காட்ட டிமோ சிராய்னென் தொடங்கிய டவ்காட் 2002 முதல் இருக்கிறது. குப்பை மெயிலைச் சலிக்க ஆர்ஸ்பாம்டி, பிரவுசரில் படிக்க ரவுண்ட்கியூப், பூட்டிய இணைப்புக்கு லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசச் சான்றிதழ். இவற்றையெல்லாம் ஒரே மூட்டையாக நிறுவித் தரும் மெயில்-இன்-எ-பாக்ஸ், மெயில்கவ் போன்ற தொகுப்புகளும் உள்ளன. லினக்ஸ் கட்டளைகளுக்குப் பழகியவர் ஓரிரு வார இறுதிகளில் அஞ்சலைப் பெறும் நிலைக்கு வந்துவிடலாம்.

தமிழுக்கு இதில் ஒரு கூடுதல் வாய்ப்பும் உண்டு. @ குறிக்கு இருபுறமும் தமிழ் எழுத்திலேயே அமையும் முகவரிகளுக்கான தரவிதிகள் 2012இல் வெளியாயின. ‘.இந்தியா’ என்று தமிழில் முடியும் டொமைனும் உண்டு. 2014இல் ஜிமெயிலும் 2015இல் போஸ்ட்ஃபிக்ஸின் 3.0 பதிப்பும் அத்தகைய முகவரிகளைக் கையாளத் தொடங்கின. வணிக இணையதளங்களின் படிவங்கள் பல இன்னும் அவற்றைத் தவறான முகவரி என்று தள்ளுகின்றன. ஆகவே தொழிலுக்கு ரோமன் எழுத்து முகவரியை வைத்துக்கொண்டு, தமிழ் முகவரியை இணையாக நடத்தலாம். சொந்த சர்வரில் இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

அனுப்பும் வாசலில் நான்கு பூட்டுகள்

இவ்வளவும் எளிது என்றால் ஏன் ஊருக்கு ஒரு சர்வர்கூட இல்லை? சிக்கல் பெரும்பாலும் அனுப்புவதில் இருக்கிறது.

முதல் பூட்டு ஐபி முகவரி, அதாவது இணையத்தில் நம் இணைப்பைக் குறிக்கும் எண். பழைய ஐபிவி4 முகவரிகளின் பொதுக் கையிருப்பு ஆசிய-பசிபிக் பகுதியில் 2011 ஏப்ரல் 15 அன்று கடைசிக் கட்டத்தை எட்டியது. அதன்பின் சிறு பங்கீடுதான். ஜியோ சேவை தொடங்கியது 2016 செப்டம்பரில். இப்படிப் பிந்தி வளர்ந்த இணைப்புகளில் ஒரே ஐபிவி4 முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருவது வழக்கமானது. பகிர்ந்த முகவரிக்கு வெளியிலிருந்து கடிதம் நேரடியாக வந்து சேரவும் முடியாது; இந்தப் பூட்டு பெறுவதையும் தடுக்கும். தனிநிலையான ஐபி வேண்டுமென்றால் பெரும்பாலும் வணிகத் திட்டத்துக்கு மாறி, கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். ஐபிவி6 இந்தியாவில் வேகமாகப் பரவியிருக்கிறது. ஆனால் நாம் எழுத வேண்டிய நிறுவனங்களின் சர்வர்கள் பலவும் இன்னும் ஐபிவி4ஐ மட்டுமே ஏற்கின்றன.

இரண்டாவது பூட்டு போர்ட் 25. சர்வரும் சர்வரும் அஞ்சல் பரிமாறும் இந்த வாயிலை உலகெங்கும் பல சேவை நிறுவனங்கள் வீட்டு இணைப்புகளில் மூடிவைத்திருக்கின்றன. வைரஸ் தொற்றிய வீட்டுக் கணினிகள் கோடிக்கணக்கில் குப்பை மெயில் கொட்டிய காலத்தில் எடுத்த முடிவு அது; அன்றைக்கு நியாயமானது.

மூன்றாவது, ஐபியிலிருந்து பெயரைச் சொல்லும் பி.டி.ஆர். பதிவு. மற்ற டொமைன் பதிவுகளை நாமே எழுதிக்கொள்ளலாம். இதை மட்டும் ஐபி முகவரியின் உடைமையாளர், அதாவது இணைப்பு தரும் நிறுவனம், எழுதித் தர வேண்டும். கால் சென்டரில் இதைக் கேட்டுப் புரியவைப்பதற்குள் பலருக்கு ஆர்வமே போய்விடுகிறது.

நான்காவது, நற்பெயர். வீட்டு இணைப்புகளுக்கான ஐபி வரிசைகளை ஸ்பாம்ஹாஸ் அமைப்பு ஒரு கொள்கைப் பட்டியலில் வைத்திருக்கிறது. அதில் இருப்பது குற்றச்சாட்டு அல்ல. ‘இங்கிருந்து நேரடி அஞ்சல் வர வேண்டியதில்லை’ என்ற குறிப்பு. ஆனால் அந்தப் பட்டியலைப் பார்த்துக் கதவை மூடும் சர்வர்கள் ஏராளம். பட்டியலைத் தாண்டினாலும் புதிய முகவரியிலிருந்து வரும் கடிதத்தைப் பெரிய சேவைகள் சந்தேகத்தோடு பார்க்கும். எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் ஆகிய மூன்று சரிபார்ப்புகளும் இன்று அடிப்படைத் தகுதி. முதலாவது எந்தச் சர்வர் நம் பெயரில் அனுப்பலாம் என்று சொல்கிறது. இரண்டாவது கடிதத்தில் கையொப்பம் இடுகிறது. மூன்றாவது இவ்விரண்டும் தவறினால் என்ன செய்ய வேண்டும் என்று பெறுபவருக்குச் சொல்கிறது. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் இவ்விதிகளை இறுக்கின. ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புவோர் மூன்றையும் வைத்தாக வேண்டும். சிறிய அனுப்புநருக்கும் முதல் இரண்டில் ஒன்றும், பி.டி.ஆர். பதிவும், பூட்டிய இணைப்பும் கட்டாயம். 2025 மே மாதத்தில் மைக்ரோசாஃப்ட்டும் பெரிய அனுப்புநர்களுக்கு இதே பாதையில் வந்தது.

இதையெல்லாம் சரியாகச் செய்தும் கடிதம் ஸ்பாம் போல்டரில் விழலாம் என்பதுதான் வேதனை. 1999 முதல் தன் அஞ்சலைத் தானே நடத்திய ஸ்பெயின் பொறியாளர் கார்லோஸ் ஃபெனோயோசா, 23 ஆண்டுகளுக்குப் பின் 2022இல் அதைக் கைவிட்டதாக எழுதினார். அவர் சொன்ன காரணம் தொழில்நுட்பக் குறைபாடு அல்ல. சிறிய சர்வர்களின் கடிதங்களைப் பெரிய நிறுவனங்கள் ஏற்பதில்லை என்பதே. ஒரு கொட்டேஷன் ஸ்பாமில் விழுந்தால் அந்த ஆர்டரே போய்விடும் நிலையில் உள்ள பட்டறைக்காரர் இதைப் புறக்கணிக்க முடியாது.

காவலும் சட்டமும்

சர்வர் வைத்த நாள் முதல் யாரோ அதன் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். 1988 நவம்பரில் அன்றைய இணையத்தின் ஒரு பகுதியை முடக்கிய மோரிஸ் புழு பயன்படுத்திய வழிகளில் ஒன்று சென்ட்மெயில் என்னும் அஞ்சல் மென்பொருளில் இருந்த ஓட்டை. 2021 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வர்களைத் தம் வளாகத்திலேயே நடத்திய பல்லாயிரம் நிறுவனங்கள் தாக்கப்பட்டன. திருத்தம் வெளியான பிறகும் போடாமல் விட்டவர்கள் தொடர்ந்து மாட்டினார்கள். சொந்த சர்வரில் அப்டேட் போடும் பொறுப்பு முழுக்க நம்முடையது. அதை நடத்துபவர் வெளியூர் போனாலும், உடல்நலம் குன்றினாலும் அந்த வேலை காத்திருக்காது. ஒரே ஆளுக்கு மட்டும் தெரிந்த சர்வர் ஒரு நிறுவனத்துக்குப் பலவீனம்.

தொழிற்பேட்டைகளுக்கு இன்னொரு குறிப்பான ஆபத்து உண்டு. வெண்டரின் பெயரில் போலி மெயில் அனுப்பி, ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று இன்வாய்ஸ் தொகையை வேறு கணக்குக்குத் திருப்பும் மோசடி. சொந்த டொமைன் வைத்து டிமார்க்கை ‘நிராகரி’ நிலையில் வைத்தால், அதே பெயரைப் போட்டு வரும் போலிக் கடிதங்களைப் பெறும் சர்வர் தள்ளிவிடும். ஜிமெயில் முகவரியில் தொழில் நடத்துபவர் இந்த விதியைத் தாமாக வகுக்க முடியாது. ஓர் எழுத்து மட்டும் மாறிய போலி டொமைனுக்கு எதிராக இது உதவாது. அதற்குத் தெரிந்த எண்ணில் போன் போட்டுக் கேட்பதுதான் ஒரே வழி.

சட்டக் கடமையும் இருக்கிறது. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணை, சேவை வழங்குநர்களோடு வணிக நிறுவனங்களையும் சேர்த்துக்கொண்டது. சர்வர் லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். இணையப் பாதுகாப்புச் சம்பவத்தைத் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். சர்வர் அறையின் அளவு சிறியது என்பதால் இந்தப் பொறுப்பு குறையாது.

நான்கு வழிகள்

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால் நம் முன் நான்கு வழிகள் உள்ளன.

ஒன்று, முழுவதும் வீட்டில். நிலையான ஐபி, பி.டி.ஆர்., திறந்த போர்ட் 25 மூன்றும் கிடைத்தால் மட்டுமே இது நடக்கும். கற்க விரும்புபவருக்கும் தனிப்பட்ட கடிதங்களுக்கும் ஏற்றது. பி.ஓ. நம்பியிருக்கும் தொழிலுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டு, பெறுவதும் சேமிப்பதும் வீட்டில், அனுப்புவது வாடகை வாயில் வழியாக. நம் சர்வர் கடிதத்தை அமேசான் எஸ்.இ.எஸ். போன்ற அனுப்பு சேவையிடம் தரும். அது நற்பெயர் உள்ள ஐபியிலிருந்து அனுப்பும். ஆயிரம் கடிதத்துக்கு அமெரிக்க மதிப்பில் சுமார் 10 சென்ட். சிறு பட்டறையின் மாதச் செலவு டீச் செலவைவிடக் குறைவு. பகிர்ந்த ஐபி உள்ள வீடுகள், நிலையான ஐபி கொண்ட ஒரு சிறு மேகக் கணினியை வாடகைக்கு எடுத்து, வயர்கார்டு என்னும் பூட்டிய சுரங்க இணைப்பு வழியாக அஞ்சலை வீட்டுக்கு இறக்கிக்கொள்ளலாம்.

மூன்று, சர்வர் முழுவதையும் வாடகைக் கணினியில் வைப்பது. கரண்ட், இணைப்புக் கவலை தீரும். பராமரிப்புப் பொறுப்பு அப்படியே இருக்கும். பெரிய மேக நிறுவனங்கள் பலவும் போர்ட் 25ஐ இயல்பாகவே மூடித் தருகின்றன என்பதை முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

நான்கு, டொமைன் நம்முடையது, மற்றதெல்லாம் சேவை நிறுவனத்துடையது. செங்கல்பட்டு மாவட்டத்தில் தலைமையகம் கொண்ட ஜோஹோ உட்படப் பலர் இதைத் தருகிறார்கள். இதோடு வீட்டுக் கணினி ஒன்று தினமும் எல்லாக் கடிதத்தையும் இறக்கிப் பிரதி வைத்துக்கொண்டால், சர்வர் நடத்தாமலேயே அதன் பெரும் பயன் கிடைத்துவிடும்.

இந்த நான்காவது வழியைச் சாதாரணமாக எண்ணக் கூடாது. சுமார் 12 லட்சம் மத்திய அரசு ஊழியர்களின் மின்னஞ்சல், ஜோஹோ உருவாக்கிய தளத்துக்கு மாறியதாக 2025 அக்டோபரில் செய்தி வந்தது. முகவரிகள் மட்டும் அரசின் டொமைனிலேயே இருந்தன. நாளை வேறு நிறுவனத்திடம் போனாலும் குடிமக்கள் எழுதும் முகவரி மாறாது. ஓர் அரசு தன் அஞ்சலுக்குச் செய்துகொண்ட அதே ஏற்பாட்டை, ஆண்டுக்குச் சில நூறு முதல் ஆயிரம் ரூபாய் வரை டொமைன் கட்டணம் கட்டி ஒரு லேத்துப் பட்டறையும் செய்துகொள்ளலாம்.

மாற வேண்டியவை

தனிமனிதர் செய்யக்கூடியது இவ்வளவு. ஆனால் அனுப்பும் வாசல் அடைபட்டதைத் தனிமனிதரின் திறமைக்குறைவாகப் பார்ப்பது தவறு. அது கொள்கைக் குறைபாடு. உத்யம் பதிவெண்ணும் ஜி.எஸ்.டி. எண்ணும் உள்ள ஒரு நிறுவனம் கேட்டால் நிலையான ஐபி, பி.டி.ஆர். பதிவு, போர்ட் 25 ஆகியவற்றை நியாயமான கட்டணத்தில், எழுத்துமூல நடைமுறையில், குறித்த நாளுக்குள் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் விதிக்கலாம். அடையாளம் தெரிந்த அனுப்புநருக்குக் கதவைத் திறப்பதால் குப்பை மெயில் பெருகாது. தவறு செய்தால் பொறுப்பாக்குவது அப்போதுதான் எளிதாகும்.

இதைவிட விரைவில் நடக்கக்கூடியது கூட்டு முயற்சி. ஒவ்வொரு பட்டறையும் தனி சர்வர் வைப்பதைவிட, ஒரு தொழிற்பேட்டையின் வெண்டர்கள் சேர்ந்து நிலையான ஐபியோடு ஒரு சர்வரை நடத்துவது நடைமுறைக்கு ஏற்றது. செலவும் நற்பெயரும் பகிரப்படும். சம்பளம் கொடுத்து ஒருவரை முழுநேரம் வைக்கவும் முடியும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் சிப்காட் பகுதிகளில் பொதுக் கழிவுநீர் பற்றியும் சாலை பற்றியும் கூடிப் பேசத் தெரிந்த தொழில்முனைவோருக்கு இது புதிய வேலை அல்ல. கற்றுக்கொடுக்கவும் ஆள் உண்டு. சென்னையின் லினக்ஸ் பயனர் குழுவும் காஞ்சிபுரத்தின் லினக்ஸ் பயனர் குழுவும் கட்டற்ற மென்பொருளைப் பேசிப் பழகியவை. கணியம் மின்னிதழ் 2012 முதல் அதைத் தமிழில் எழுதிவருகிறது. இந்த வட்டாரத்துப் பாலிடெக்னிக், பொறியியல் மாணவர்களுக்கு ஓர் அஞ்சல் சர்வரை நடத்துவதைவிட நல்ல பயிற்சி கிடைப்பது அரிது. டொமைன், வலையமைப்பு, பூட்டுமுறை, பாதுகாப்பு, பொறுப்பு எல்லாம் அந்த ஒரு வேலையில் இருக்கின்றன.

எனவே வடக்குப்பட்டில் தொழில் தொடங்குபவர் இதைக் கேட்டால் வரிசைப்படுத்திச் சொல்லலாம். இந்த வாரம் டொமைனை வாங்குங்கள். ஏஜென்ட் பெயரில் இல்லாமல் உங்கள் பெயரிலேயே பதிவு செய்யுங்கள். அடுத்து, கடிதங்களின் முழுப் பிரதி வீட்டுக் கணினியில் சேர வழி செய்யுங்கள். ஆர்வமும் ஆளும் இருந்தால் பெறும் சர்வரை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். அனுப்புவதைக் கடைசியாகத் தொடுங்கள். தனியாகத் தொடாமல் பக்கத்துப் பட்டறைகளோடு சேர்ந்து தொடுங்கள். இந்த வரிசையில் எந்தப் படியில் நின்றாலும் அதுவரை பெற்றது வீண்போகாது. பெயர் கையில் இருக்கும்வரை அடுத்த படிக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம்.